வரவு இடாப்பு

புனர்வாழ்வு நிலையம்,
21.01.2024

அன்புள்ள மேர்லின் அக்காவுக்கு,

உயிருக்குக் குறைவில்லை. அம்மாவின் கால் புண் ஆறுகிறதா? தையலுக்கு இருக்கும்போது முதுகுக்குத் தலையணை வைக்கிறீர்களா? முதலில் இவற்றுக்குப் பதில் எழுதுங்கள்.

இங்கே கைபேசி கிடையாது. மாதம் ஒரு கடிதம் எழுதலாம். அதையும் அலுவலகத்தில் வாசித்த பிறகுதான் தபாலில் போடுவார்கள். வாசிக்கிற ஐயாவுக்கும் என் வணக்கம்.

முதல் ஒன்பது நாளைப் பற்றி எழுதமாட்டேன். மருந்தென்று தந்தது ஒரு வாளியும் இரண்டு பனடோலும். இப்போது காலை ஐந்தரைக்கு ஓட்டம். பிறகு ஒருவர் வந்து மனவுறுதி பற்றிக் கதைப்பார். ஹெரோயின் தூளை அவர் படத்தில்தான் பார்த்திருக்கிறார். மனவுறுதி இல்லாதவனா இருபத்திரண்டு நாள் நடுக்கடலில் நின்று வலை இழுத்தான்? உடம்பு நோவு தெரியாமல் இழுக்கட்டும் என்று தூளையும் மீன்பிடிப் போட்டுக்குள் ஏற்றிவிட்ட முதலாளிமார் ஒருவரையும் நான் இங்கே காணவில்லை.

அக்கா, உங்களுக்கு ஒரு வேலை. நான் இல்லாவிட்டாலும் எங்கள் கூட்டம் நிற்கக்கூடாது; ஞாயிறு தோறும் நாலு மணிக்கு ஒரு மணித்தியாலம் அப்பா வலை வைத்த ஓலை வாடியைத் திறந்துவிடுங்கள். வருகிற எட்டுப் பேரையும் உங்களுக்குத் தெரியும். பெயர்களை இதில் எழுதவில்லை. பிளேன்ரீ ஊற்றிக் கொடுத்தால் போதும். தூளை விட்டு எத்தனை நாள் என்று ஒவ்வொருவரும் சொல்வார்கள். மற்றவர்கள் கேட்டுக்கொண்டிருப்பார்கள். புத்தி சொல்லக்கூடாது. அங்கே கேட்டதை வெளியே கதைக்கக்கூடாது. அவ்வளவுதான் சட்டம்.

டிசம்பரில் என்னை விடுவார்கள். அந்த ஒரு மணித்தியாலம் அங்கே இருந்தால் நான் தப்புவேன். இல்லாவிட்டால் மூன்றாம் நாள் பழைய இடத்துக்குப் போய்விடுவேன். இதைப் பகிடி என்று நினைக்காதீர்கள்.

அம்மாவுக்கு முத்தம்.
தம்பி பிறின்ஸ்

*

வாழைச்சேனை,
12.02.2024

அன்புத் தம்பிக்கு,

கேட்டதற்கு முதலில் பதில். அம்மாவின் கால் அப்படியே. என் முதுகும் அப்படியே. தலையணை வைக்கிறேன். நீ சாப்பிடுகிறாயா? சோறு எப்படி?

நேற்றோடு மூன்று ஞாயிறு வாடியைத் திறந்தாயிற்று. நான் உள்ளே இருப்பதில்லை. வெளியே அடுப்பு மூட்டித் தேத்தண்ணி வைக்கிறேன். ஆனால் நடுவில் இருப்பது வெறும் ஓலைத் தட்டி. காதை எங்கே கொண்டுபோய் வைப்பது?

திவாகரன் சீனி கேட்டே என்னைக் கொல்கிறான். "இன்னொரு கரண்டி போடுங்கக்கா. ஒரு பழக்கத்த விட்டவனுக்கு இன்னொரு பழக்கம் வேணும்தானே." ரதீஸ் அதைவிட மோசம். "மேர்லினக்காட பிளேன்ரீயக் குடிச்சா, இந்தக் கோதாரிக்கு முந்தின தூளே பரவாயில்ல எண்டு கிடக்கு" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். உதயரூபன் மட்டும் சிரிக்கவில்லை. அவன்தான் பெரியவன் போல நேரம் பார்க்கிறான்.

பிறகு ரதீஸ் சொன்னான்: "இண்டைக்கு அறுபத்தொரு நாள். நேத்துப் பின்னேரம் பஸ் ஸ்ராண்ட் மட்டும் போயிற்றன். தூள் விக்கிறவன் அங்கதான் நிண்டான். மறுகா வாங்காமக் கிறுகி வந்துட்டன்." ஒருவரும் அவனைப் புகழவில்லை. யாரோ ஒருவன் "ஓம்" என்றான். எனக்கு அடுப்பு ஊத முடியவில்லை, தம்பி.

பூசை முடிந்து வரும்போது ஒரு மனுசி கேட்டா: "உங்கட வாடியில கள்ளனுகள் கூட்டம் வைக்கிறானுகளாம்?" "ஓம். உங்கட மகனயும் அனுப்புங்க" என்றேன். இப்போது அவ என்னோடு கதைப்பதில்லை. அதுவும் ஒரு நிம்மதி.

செபத்தில் உன்னை நினைக்கும்
அக்கா

*

வாழைச்சேனை,
02.04.2024

அன்புத் தம்பிக்கு,

உன்னிடமிருந்து பதில் இல்லை. கடிதம் அங்கே கிடக்கிறதா, நீதான் சோம்பலா? உயிர்த்த ஞாயிறும் போய்விட்டது. அம்மா உன் பங்கு இறைச்சியை எடுத்து வைத்து, பிறகு தானே நாய்க்குப் போட்டா.

நல்ல செய்தி ஒன்று. ஒரு தொண்டு நிறுவனத்திலிருந்து கம்சாயினி என்ற பிள்ளை வந்தது. வாடியைப் பார்த்துவிட்டு, "இப்படி ஒரு குழுவைத்தான் அக்கா நாங்க தேடித் திரிஞ்ச" என்றது. பத்துக் கதிரை, ஒரு மின்விசிறி, வாராவாரம் ரோல்ஸும் வாழைப்பழமும் தருவார்கள். அதற்கு வரவு இடாப்பு வேண்டும். பெயர், அடையாள அட்டை இலக்கம், விலாசம், கையெழுத்து. மாதம் ஒரு படம்.

உதயரூபன் மட்டும் "பேர் என்னத்துக்கு?" என்று இழுத்தான். "பேர் குடுக்காம இந்த நாட்டில ஒரு பிஸ்கற்றாவது கிடைச்சிருக்கா உனக்கு?" என்று கேட்டேன். பிறகு அவனும் கையெழுத்து வைத்தான். சுனாமி முகாமில் பதினாறு வயதில் நான்தானே லிஸ்ட் எழுதினேன். பெயர் விடுபட்ட குடும்பத்துக்குப் பால்மா இல்லை. நான் ஒரு பெயரையும் விட்டதில்லை. அதே மாதிரி அடிமட்டம் வைத்துக் கோடு போட்டு எட்டுப் பெயரையும் எழுதியிருக்கிறேன். "அச்சடிச்ச மாதிரி இருக்கு" என்று கம்சாயினி படம் பிடித்துக்கொண்டு போனது.

நீ வரும்போது ஓலைத் தட்டி இருக்காது. பலகை அடிப்பார்களாம்.

சந்தோசத்தோடு,
அக்கா

*

புனர்வாழ்வு நிலையம்,
14.04.2024

அக்கா,

சுகம் விசாரிக்கப் பொறுமையில்லை. அந்த இடாப்புக் கொப்பியை எரியுங்கள். கதிரையைத் திருப்பிக் கொடுங்கள். படம் பிடித்தவளிடம் போய் அழியுங்கள் என்று சொல்லுங்கள். இன்றைக்கே.

அன்றைக்குத் துப்பாக்கியோடு வந்தவர்கள் எங்கள் வீட்டு வாசலில் நின்று, வீட்டுப் பதிவு லிஸ்ட்டைப் பார்த்துத்தானே அப்பாவின் பெயரை வாசித்தார்கள். "ஓம், நான்தான்" என்று அவர் சொன்னதை நீங்களும் கேட்டீர்கள். கூட்டிக்கொண்டு போனவர்கள் அவரைத் திருப்பி விடவில்லை. எனக்குப் பத்து வயது, உங்களுக்குப் பதினெட்டு. உங்களுக்கா நான் இதை எழுத வேண்டும்?

பிறின்ஸ்

*

தேற்றாத்தீவு,
09.05.2024

மேர்லின் அக்காவுக்கு,

உதயரூபன் எழுதுகிறேன். இதை பஸ் கண்டக்டரிடம் கொடுத்து அனுப்புகிறேன். என் சிம்மை உடைத்துவிட்டேன். நீங்களும் அம்மாவும் சுகமாக இருக்க வேண்டும்.

போன மாதம் இருபத்தேழாம் திகதி நடந்தது உங்களுக்குத் தெரியும். திவாகரனையும் மற்ற இரண்டு பேரையும் பொலிஸ் பிடித்ததும், இன்னும் மூன்று பேர் ஊரை விட்டு ஓடியதும் ஊருக்கே தெரியும். தெரியாத ஒன்றை எழுதுகிறேன். நான் பின்வேலி பாய்வதற்கு முதல் சன்னலால் பார்த்தேன். வாசலில் நின்றவரின் கையில் இருந்தது உங்கள் எழுத்து. அடிமட்டம் வைத்த கோடு. நிறுவனம் அதைத் தன் அறிக்கையோடு சேர்த்து ஏதோ கூட்டத்தில் கொடுத்திருக்கிறது. கூட்டத்தில் பொலிசும் இருந்திருக்கிறது. மாதத்துக்கு இத்தனை பேர் என்று அவர்களுக்கும் மேலிடத்தில் கேட்கிறார்கள். தேடித் திரியாமல் விலாசத்தோடு எட்டுப் பேர் கிடைத்தால் விடுவார்களா?

திவாகரனைச் சலம் பெய்யச் சொல்லிச் சோதித்தார்கள். ஒன்றும் இல்லை. பிறகு அவன் சட்டைப் பையில் ஒரு தூள் பக்கற் இருந்ததாம். தொண்ணூறு நாள் தூளைத் தொடாதவன் பையில். குற்றத்தை ஒப்புக்கொண்டால் மறியல் சிறைக்குப் பதிலாகப் புனர்வாழ்வு என்று சொல்லி ஒப்புக்கொள்ள வைத்திருக்கிறார்கள்.

உங்கள் மேல் கோபமில்லை என்று எழுதினால் அது பொய். ஆனால் கையெழுத்து வைத்தது நானும்தான்.

இரண்டு விசயம். பிறின்சுக்கு நீங்கள்தான் சொல்ல வேண்டும். ரதீஸ் வீட்டில் இல்லாததால் தப்பினான். அவனைப் போய்ப் பாருங்கள். அவன் தனியே இருக்கக்கூடாத ஆள்.

நான் இனி அந்தப் பக்கம் வரமாட்டேன்.

உதயரூபன்

*

வாழைச்சேனை,
26.05.2024

அன்புத் தம்பிக்கு,

உன் சித்திரைக் கடிதம் இருபதாம் திகதிதான் கைக்கு வந்தது. ஐந்து கிழமை எங்கே கிடந்ததோ. கொப்பியை எரித்துவிட்டேன். கதிரைகளையும் திருப்பிக் கொடுத்தாயிற்று. நீ கவலைப்படாதே.

வாடி நன்றாக நடக்கிறது. போன ஞாயிறு ஆறு பேர் வந்தார்கள். திவாகரன் இரண்டு பிளேன்ரீ குடித்தான், சீனி காணாது என்று சண்டை. ரதீஸ் வரவில்லை, ஏதோ வேலையாம்.

அம்மாவின் கால் பரவாயில்லை. வெயில் கடுமை. வாவியில் இறால் குறைவு. உனக்குக் கட்டச் சாரம் இரண்டு அனுப்பட்டா?

அக்கா

*

புனர்வாழ்வு நிலையம்,
30.06.2024

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சுகம். சாரம் வேண்டாம். அம்மாவின் கால் பரவாயில்லை என்றது ஆறுதல்.

வாடியைப் பற்றி விரிவாக எழுதுங்கள். முக்கியமாக, சீனி கூடக் கேட்கிறவன். இந்த மாதம் எல்லா ஞாயிறும் வந்தானா? என்ன சொன்னான்? எத்தனை நாளாம்?

தம்பி

*

வாழைச்சேனை,
21.07.2024

அன்புத் தம்பிக்கு,

உன் கடிதம் சின்னதாக இருந்தாலும் எழுத்து நேராக இருக்கிறது. கை நடுங்குவது நின்றுவிட்டது என்று அம்மாவுக்குக் காட்டினேன்.

திவாகரன் எல்லா ஞாயிறும் வந்தான். போன கிழமை எழும்பி நின்று, "நூத்தி அறுபது நாளக்கா, எழுதி வையுங்க" என்றான். எல்லோரும் கை தட்டினார்கள். மீன் பெட்டி அடுக்கும் வேலை கிடைத்திருக்கிறது. கொஞ்சம் உடம்பும் வைத்திருக்கிறான். உதயரூபன் உன்னைச் சுகம் கேட்டான். ரதீஸ் கல்முனைப் பக்கம் வேலைக்குப் போய்விட்டான். நல்ல இடமாம்.

நீ ஒன்றையும் யோசிக்காமல் நாளை எண்ணு. எல்லாம் நீ விட்டுப்போன மாதிரியே இருக்கிறது.

அக்கா

*

புனர்வாழ்வு நிலையம்,
18.08.2024

அக்கா,

திவாகரன் ஜூன் பதினோராம் திகதியிலிருந்து என் பக்கத்துக் கட்டிலில் படுக்கிறான்.

உடம்பு வைக்கவில்லை. முன்பல் ஒன்று இல்லை. மற்ற இருவரும் அடுத்த மண்டபத்தில். உங்கள் கடிதத்தை அவனுக்கு வாசித்துக் காட்டினேன். மீன் பெட்டி வேலை என்ற இடத்தில் சிரித்தான். "சம்பளம் எவ்வளவாம், கேளுடா" என்றான். கை தட்டினார்கள் என்ற இடத்தில் எழும்பிப் போய்விட்டான். வாடியில் நாங்கள் ஒருநாளும் கை தட்டியதில்லை, அக்கா. தட்டியின் மறுபக்கம் இருந்த உங்களுக்கு அதுகூடத் தெரியாமலா போனது?

ஜூன் மாதமே எழுதியிருக்கலாம். உங்கள் வாயால் வரட்டும் என்று கேட்டுப் பார்த்தேன். நீங்கள் இன்னும் இரண்டு பொய்யைச் சேர்த்து அனுப்பினீர்கள்.

நான் உடைந்துவிடுவேன் என்றுதானே மறைத்தீர்கள்? எங்களுக்குப் பொய் புதிதில்லை. தூள் அடித்த நாலு வருசமும் நான் உங்களுக்குச் சொன்னதெல்லாம் பொய். அதிலிருந்து வெளியே வரத்தான் அந்த வாடியில் இருந்தோம். அங்கே ஒரு மணித்தியாலம் உண்மை சொல்லலாம், அதற்கு ஒருவனும் அடிக்கமாட்டான். ரோல்ஸும் வாழைப்பழமும் கேட்டு ஒருவனும் வரவில்லை.

எட்டுப் பெயர் எழுதினீர்கள். ஒன்பதாவதாக உங்கள் பெயரை ஏன் எழுதவில்லை? லிஸ்ட் எழுதுகிறவர்கள் லிஸ்ட்டில் இருப்பதில்லை. முகாமிலும் அப்படித்தான், அறிக்கையிலும் அப்படித்தான்.

இங்கே மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு அரை மணித்தியாலம் ஓய்வு. நாலு பேரும் தண்ணித் தாங்கிக்குக் கீழே இருக்கிறோம். நாள் சொல்கிறோம். வாசிக்கிற ஐயாவுக்கு இதில் குற்றம் தெரிந்தால் எழுதிக்கொள்ளட்டும்.

ரதீஸ் எங்கே? கல்முனை என்று எழுதாதீர்கள்.

பிறின்ஸ்

*

வாழைச்சேனை,
15.09.2024

தம்பி,

நாலு முறை எழுதிக் கிழித்தேன். சுகம் இல்லை. அம்மாவின் இடது காலில் இரண்டு விரலை ஆனி மாதமே எடுத்துவிட்டார்கள். அதையும் மறைத்தேன்.

ரதீஸ் செத்துப்போனான். ஜூன் இரண்டாம் திகதி, வாவிக் கரைக் கண்டல் பற்றைக்குள் கிடந்தான். ஐந்து மாதத்துக்கு மேல் தொடாமல் இருந்தவன், பழைய அளவையே எடுத்திருக்கிறான். உடம்பு தாங்கவில்லை. ஊரில் நெஞ்சுவலி என்று சொன்னார்கள். செத்த வீட்டுக்குப் பத்துப் பேர் வரவில்லை. நானும் போகவில்லை.

அவனைப் போய்ப் பார்க்கச் சொல்லி உதயரூபன் மே மாதமே எழுதியிருந்தான். அந்தக் கடிதத்தை அலுமாரிக்குள் வைத்துவிட்டு மூன்று கிழமை சட்டை தைத்தேன். போனால் லிஸ்ட்டைப் பற்றிக் கேட்பான் என்று பயம். உன்னைக் காப்பாற்ற மறைத்தேன் என்று எழுதலாம். அது பாதிதான். எட்டுப் பேருக்கு நல்லது செய்த அக்கா என்ற பெயர் எனக்குப் பிடித்திருந்தது. அதை விட மனம் வரவில்லை.

கம்சாயினியைத் தேடிப் போனேன். "அது வழமையான நடைமுறைதானேக்கா" என்றது. பிறகு அழுதது. அதுவும் மாதச் சம்பளத்துக்கு நிற்கிற பிள்ளை. இப்போது அவர்களின் திட்டம் கோழி வளர்ப்பு. அதற்கும் இடாப்பு உண்டாம்.

உன் கடிதம் வந்த மூன்றாம் நாள் ரதீஸின் அம்மா மங்கையற்கரசியிடம் போனேன். இறால் உரித்துக்கொண்டிருந்தா. நின்றபடியே சொன்னேன்: "அந்த லிஸ்ட்ட எழுதின நான்தான்."

அவ தலை நிமிரவில்லை. "ஓம். தெரியும்" என்றா. இன்னோர் இறாலை உரித்துப் போட்டுவிட்டுக் கேட்டா: "என்னத்துக்குகா இப்ப வந்து சொல்ற? நான் என்ன செய்யோணும்? அழோணுமா, ஏசோணுமா?"

நான் நின்ற இடத்திலேயே நின்றேன். "நிண்டா வெளிச்சம் மறைக்கும். இரு" என்றா. இருந்து ஒரு மணித்தியாலம் இறால் உரித்தேன். எழும்பும்போது சொன்னா: "நெஞ்சுவலி எண்டு சொல்லிச் சொல்லி எனக்குத்தான் நெஞ்சு நோகுது."

பிறகு ஒவ்வொரு ஞாயிறும் போகிறேன். அவ வா என்று சொன்னதில்லை. போ என்றும் சொல்லவில்லை.

வாடி மே மாதத்திலிருந்து பூட்டிக் கிடக்கிறது. நீ வர இங்கே இடம் இருக்கிறது என்று என்னால் எழுத முடியாது. இதுதான் உண்மை.

மேர்லின்

*

புனர்வாழ்வு நிலையம்,
20.10.2024

அக்காவுக்கு,

அம்மாவின் காலை ஒவ்வொரு நாளும் உப்புத் தண்ணீரில் கழுவாதீர்கள். இங்கே மருந்து கட்டுகிறவரிடம் கேட்டேன். ஆஸ்பத்திரியில் சொன்னபடி மட்டும் செய்யுங்கள்.

ரதீஸைப் பற்றி வாசித்த அன்று தண்ணித் தாங்கிக்குக் கீழே ஒருவரும் நாள் சொல்லவில்லை. அடுத்த நாள் திவாகரன்தான் தொடங்கினான்.

மன்னிப்பைப் பற்றி எனக்கு எழுதத் தெரியவில்லை. பிறகு பார்ப்போம், அல்லது பார்க்காமலே விடுவோம்.

நாலு பேரையும் டிசம்பர் முதல் கிழமைக்குள் விடுகிறார்கள். வாடிக்கு வரமாட்டோம். எங்கள் முகம் அவர்களின் படத்தில் இருக்கிறது, அந்த ஒழுங்கையால்தான் பொலிஸ் ஜீப் போய் வருகிறது. தேவாலயத்தில் கேட்டால் சாமியாரும் பெயர் கேட்பார். யோசித்துப் பார்த்ததில் ஒரு வீடுதான் மிச்சம். ரதீஸின் அம்மாவின் வீடு. அவவிடம் கேட்க எனக்கு வாய் இல்லை. நீங்கள் கேளுங்கள். ஞாயிறு ஒரு மணித்தியாலம், நாலு பேர்.

இடம் இல்லையென்றால் நான் ஊரில் இறங்கமாட்டேன். அதே பஸ்ஸில் நேரே உதயரூபனைத் தேடிப் போவேன். அங்கேயும் ஏதும் இல்லாவிட்டால் என்ன நடக்கும் என்று உங்களுக்குத் தெரியும். அதற்காக அவவை நெருக்காதீர்கள். மாட்டேன் என்றால் மாட்டேன் என்று எழுதுங்கள். என்ன சொன்னாவோ அதை மட்டும் எழுதுங்கள்.

பிறின்ஸ்

*

வாழைச்சேனை,
10.11.2024

தம்பி,

அம்மா கம்பு ஊன்றிக் கிணற்றடி மட்டும் நடக்கிறா. மழை தொடங்கிவிட்டது.

இரண்டு முறை கேட்டேன். முதல் முறை, "என்ட மகன் போன பாதையில வந்தவனுகள நான் பாக்கோணுமா?" என்று கதவைச் சாத்திவிட்டா. இரண்டாம் முறை நான் கேட்டது கேட்காத மாதிரி, மழைக்கு விறகு அடுக்கினா. நானும் சேர்ந்து அடுக்கிவிட்டு வந்தேன்.

இன்று பின்னேரம் போனேன். கேட்க நினைக்கவில்லை. அவவாகவே கேட்டா.

"அவனுகள் வந்தா என்ன கதைப்பானுகள்?"

"எத்தின நாள் எண்டு சொல்லுவானுகள். மத்த ஆக்கள் கேட்டுட்டு இருப்பானுகள்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

"ரதீஸும் சொன்னவனா?"

"ஓம். நான் கேட்டிருக்கன். அறுபத்தொரு நாள் எண்டு சொன்ன அண்டைக்கு நான் வெளியில நிண்ட."

எழும்பிப் போய்க் கூரை ஒழுகிய இடத்தில் ஒரு சட்டியை வைத்தா. பிறகு கேட்டா:

"எத்தின பேர் எண்ட?"

"நாலு."

"பாய் ரெண்டுதான்கா கிடக்கு."

இவ்வளவுதான் சொன்னா. ஒரு சொல்லும் நான் கூட்டவில்லை.

மேர்லின்